குளிப்பவர் உள்ளே, சுவிட்ச் வெளியே

குளிக்கிற ஆள் உள்ளே நிற்க, சுவிட்ச் வெளியே இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை முதலில் எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். எண்பதுகளின் தொடக்கம். ஊரில் லாட்ஜ்களில்கூட வாளியில்தான் வெந்நீர் கொண்டுவந்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் தலைக்கு மேலிருந்து சுடச்சுடக் கொட்டும். அதாவது, நான் வெளியே நின்று கைப்பிடியைத் தள்ளினால் கொட்டும்.

அதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது தாமிர பாய்லர். மலையடிவாரத்தில் வீடு இருந்தால் அது வீடு இல்லை, சத்திரம். கிருத்திகை வந்தால் போதும், பள்ளிப்பட்டிலிருந்து ஒரு கூட்டம், ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு கூட்டம், அரக்கோணத்தில் ரயில் மாறி வருகிற கூட்டம் இன்னொன்று என்று முந்தின நாள் சாயங்காலமே வந்து இறங்கிவிடுவார்கள். எல்லோரும் சொந்தம். எல்லோரும் எங்கள் வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் படியேறுவார்கள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் பாய்லருக்கு நெருப்பு மூட்டுவது என் வேலை. வீட்டை ஒட்டியிருந்த எங்கள் தறிக் கொட்டாயில் எண்ணெய் துடைத்துப் போட்ட கழிவு நூலைச் சுருட்டித் திணித்தால் சட்டென்று பற்றிக்கொள்ளும். புகைதான் கண்ணைப் பிடுங்கும். மூக்கைச் சிந்திக்கொண்டே ஊதுவேன். "இன்னும் சூடு பத்தலம்மா" என்று உள்ளேயிருந்து ஒரு பெரியப்பா குரல் கொடுப்பார். பத்தாது என்றால் என் தலையையா எரிப்பது என்று நினைத்துக்கொண்டு, வாயில், "இதோ பெரியப்பா" என்று சொல்லுவேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் மனசை அரித்துக்கொண்டிருந்தது வேறு. என் மகளுக்குச் சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து, அரக்கோணத்து ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்காமல் கிடந்தபோது, மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டேன். தைக் கிருத்திகைக்குப் பால்குடம் எடுத்து, அவளையும் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு படியேறி வருகிறேன் முருகா என்றேன். அவள் பிழைத்தாள். பிழைத்ததோடு இல்லாமல் பள்ளிக்கூடம் போய், பக்கத்து வீட்டுப் பையனைக் கடித்து, நோட்டில் சிவப்பு மையால் கோழிமுட்டை வாங்கி வருகிற அளவுக்குத் தேறியும் விட்டாள். என் பால்குடம்தான் மலை ஏறவில்லை. ஒவ்வொரு தைக் கிருத்திகைக்கும் பாய்லர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். வந்தவர்கள் குளித்து முடித்தால், விரதம் முடித்து இறங்கி வருகிறவர்களுக்குச் சமைக்க வேண்டும். சமைத்து முடித்தால் பரிமாற வேண்டும். அவர்கள் சாப்பிட்டு ஏப்பம் விடும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

அத்தையிடம் கேட்டால், அதாவது என் மாமியாரிடம் கேட்டால், பதில் தயாராக இருக்கும். "நாம அடிவாரத்துலயே கீறோம். நமக்கு இன்னா அவசரம்? தூரத்துலருந்து வந்தவங்க போயிட்டு வரட்டும். நீ அப்பால போயிக்கலாம்."

அந்த அப்பால வரவே இல்லை. சாதாரண நாளில் போகலாமே என்பார்கள். சாமியிடம் தைக் கிருத்திகை என்று நாள் சொல்லி வேண்டிக்கொண்டாயிற்று. புதன்கிழமை கூட்டம் இல்லை, அதனால் இன்றைக்கு வந்தேன் என்று போய் நிற்க முடியுமா? மகள் ஒரு தும்மல் போட்டால் போதும். சாமி ஞாபகப்படுத்துகிறாரோ என்று பயப்படுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் என் நாத்தனாரின் கணவர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தார். என் வீட்டுக்காரர் அவரை பாவா என்று கூப்பிடுவார். பாவா ஆளுக்கொரு சட்டைத் துணியும் சோப்பும் கொடுத்துவிட்டு, கடைசியாக ஒரு அட்டைப் பெட்டியை நடுவீட்டில் வைத்தார். பிரித்தால் வெள்ளையாக, பிளாஸ்டிக்கில், தலைகீழாகக் கவிழ்த்த சொம்பு அளவில் ஒரு சாமான். தண்ணீர் அதற்குள் நுழையும்போது பச்சைத் தண்ணீர், வெளியே விழும்போது வெந்நீர் என்றார் பாவா. விறகும் இல்லை, புகையும் இல்லை. எனக்கு அந்தப் பெட்டிக்கே கற்பூரம் காட்டலாம் போலிருந்தது. இந்த வருஷம் பால்குடம் உறுதி என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

மாட்டுவதற்கு ஆள் கூப்பிடலாம் என்றேன். என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கொட்டாயில் பவர்லூம் மோட்டார் எது நின்றாலும் அவரே பிரித்து, அவரே கம்பிக் காயில் கட்டி ஓட்டிவிடுவார். சட்டைப் பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். "தறி மோட்டாருக்கு மூணு ஒயரு. இதுக்கு ரெண்டு. இதுல இன்னா பெரிய வித்தை கீது?" என்றார்.

"இதுலயும் மூணு கீதே. பச்சையும் மஞ்சளும் கலந்த மாதிரி ஒண்ணு தொங்குது," என்றேன்.

"அது எர்த்து. பிளாஸ்டிக் சாமானுக்கு எர்த்து எதுக்கு? வெளிநாட்டுக்காரனுக்குப் பயம் ஜாஸ்தி." அந்த ஒயரை மடக்கி டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டார்.

வீட்டு லைன் தாங்காது என்று தறிக்கு வந்த லைனிலிருந்தே இழுத்தார். அது செய்யக் கூடாத வேலை என்று எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? சாதாரண சுவிட்ச் உருகிப் போய்விடும் என்று, கொட்டாயில் சும்மா கிடந்த பழைய மெயின் சுவிட்சைக் கழற்றிக்கொண்டு வந்தார். இரும்புப் பெட்டி, பக்கத்தில் கைப்பிடி. மேலே தள்ளினால் கரண்ட், கீழே இழுத்தால் இல்லை. தள்ளும்போது டமால் என்று ஒரு சத்தம் வரும், தெருவில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். கொட்டாய்க்கும் சமையல்கட்டுப் பின்வாசலுக்கும் நடுவிலிருந்த சுவரில் அதை அறைந்தார். குளியலறை அங்கிருந்து முற்றம் தாண்டி இருந்தது.

"இவ்ளோ தூரத்துலயா?" என்றேன்.

"ஈரக் கை படக் கூடாது. பாதுகாப்பு," என்றார். ஒயர் அதுவரைக்கும்தான் எட்டியது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் பாதுகாப்பு என்றே வைத்துக்கொண்டோம்.

முதல் குளியல் அவருடையது. குளியலறைக் கூரைமேல் இருந்த சிமெண்டுத் தொட்டியிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டு, "போடு" என்று கத்தினார். நான் கைப்பிடியை மேலே தள்ளினேன். சமையல்கட்டு பல்பு மங்கி, யோசித்து, மறுபடி எரிந்தது. உள்ளே "ஆஹா" என்று ஒரு சத்தம். அடுத்தாற்போல் "ஐயோ" என்று ஒரு சத்தம். நான் கைப்பிடியை இழுப்பதற்குள் மனிதர் இடுப்பில் துண்டோடு முற்றத்துக்கு வந்துவிட்டார். தண்ணீரைக் குறைக்க இரும்புக் குழாயைத் தொட்டிருக்கிறார். முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

"இன்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. லேசா பேசுது," என்றார். கரண்ட் அவரோடு இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்து, பயத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் மறுநாள் கடப்பாரை எடுத்தார்.

எர்த் போடுவதற்குக் கொல்லையில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்ட வேண்டும். நடுவில் ஒரு குழாயை நட்டு, சுற்றிலும் ஒரு அடுக்கு அடுப்புக்கரி, ஒரு அடுக்கு கல்லுப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு என்று நிரப்ப வேண்டும். கடைத்தெருவிலிருந்து வந்த அத்தை பார்த்தது, பெற்ற பிள்ளை குழிக்குள் நின்றுகொண்டு, முகமெல்லாம் கரியாக, உப்பை வாரி வாரிப் போடுகிற காட்சி. அவர் பையைக் கீழே போட்டுவிட்டார்.

"டேய் நைனா, யாருடா உனக்குச் செய்வினை வெச்சுட்டாங்க? எந்த ஊரு மந்திரவாதிடா சொன்னான் இதெல்லாம்?"

"கரண்டுக்கும்மா. எர்த்து."

"கரண்டுக்கு எதுக்குடா உப்பு?"

அவர் எவ்வளவு விளக்கியும் அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் அந்தக் குழாய்க்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டார். குழி காயாமல் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று இவர் சொன்னதும் அந்த வேலையையும் அத்தையே எடுத்துக்கொண்டார். துளசிக்கு ஊற்றிவிட்டு, அப்படியே எர்த்துக்கும் ஊற்றுவார். அதற்குப் பிறகு குழாய் பேசுவதை நிறுத்திவிட்டது.

இவர் ஒரு சட்டமும் போட்டார். தண்ணீர் விழ ஆரம்பித்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்சை நிறுத்திய பிறகுதான் தண்ணீரை மூட வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே கம்பி எரிந்துபோகும். ஆகவே குளிக்கிறவர் குழாயைத் திறந்து "போடு" என்று கத்த வேண்டும். முடிந்ததும் "நிறுத்து" என்று கத்திவிட்டு, டமால் சத்தம் கேட்ட பிறகு குழாயை மூட வேண்டும். அந்தக் கத்தலுக்கு வெளியே ஒரு ஆள் நிற்க வேண்டுமே, அது யார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

மார்கழிக் கிருத்திகைக்கு ஒரு சின்னக் கூட்டம் வந்தது. அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருத்தர் உள்ளே போவார், போடு. குளித்து முடிப்பார், நிறுத்து. அடுத்தவர், போடு. நடுவில் ஒரு சித்தப்பா உள்ளே போய்ப் பாட்டுப் பாட ஆரம்பித்து, நிறுத்தச் சொல்லவே மறந்துவிட்டார். பாய்லரிலாவது கட்டையைச் செருகிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்வரலாம். இதில் கைப்பிடியை விட்டு நகரவே முடியாது. புகை போயிற்று, நான் போகவில்லை.

குளித்து முடித்த ஒருத்தர், வயசுப் பையன், பாவம் நல்ல மனசு, "நான் பார்த்துக்கிறேன் அக்கா" என்று அடுத்தவருக்காகக் கைப்பிடியிடம் வந்தார். அத்தை பின்வாசலிலிருந்தே அதட்டினார். "தொடாத. குளிச்சு சுத்தபத்தமா வந்துகினு, தறியாளுங்க எண்ணெய்க் கையோட தொட்ட இரும்பைத் தொடுவியா? அப்புறம் எப்பிடி மலை ஏறுவே?"

"ஈரக் கையால தொடவும் கூடாது," என்று என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார்.

சாமியும் கரண்டும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். குளித்தவர் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. குளிக்காத ஒருத்தி வேண்டும். வீட்டில் கடைசியில் குளிக்கிறவள் நான்தான் என்பது யாரும் பேசி முடிவு செய்யாத முடிவு. அன்றைக்கு ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கரண்டைக் கண்டுபிடித்தவன்மேல், மஸ்கட்மேல், பாவாமேல், எல்லோர் மேலும் வந்தது. தேய்த்துத் தேய்த்து ஒரு சொம்பில் பூவேலையே போய்விட்டது. அப்படித் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் குளித்தவர் தொடக் கூடாது என்ற அந்தச் சட்டத்தில் எனக்கும் ஒரு வழி இருப்பது தெரிந்தது.

தைக் கிருத்திகைக்கு வீடு நிறைந்துவிட்டது. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. காவடிகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. நான் முந்தின நாளே அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் தயார் செய்து மூடி வைத்தேன். பால்காரரிடம் தனியாகச் சொல்லி வைத்தேன். விடிகிற நேரத்தில், பனி இறங்கிக்கொண்டிருக்கும்போது, என் வீட்டுக்காரரை எழுப்பினேன்.

"இன்னாங்க, நேத்து அத்தை எர்த்துக் குழிக்குத் தண்ணி ஊத்தினாங்களான்னு தெரியல. இத்தனை ஜனம் குளிக்கப் போவுது. யாருக்காவது இன்னாவது ஆயிட்டா உங்க பேருதான் கெட்டுப்போவும். மொதல்ல நான் குளிச்சுப் பார்த்துடறேன்."

மனிதருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "உனக்கு எதுக்கு இந்த ஆபத்து," என்றார்.

"பரவால்ல. நீங்க சுவிட்சாண்ட நில்லுங்க."

குழாயைத் திறந்து "போடுங்க" என்றேன். டமால் என்றது. அந்த ஷவரில் நான் குளித்தது அதுதான் முதல் தடவை. உச்சந்தலையில் வெந்நீர் விழுந்து முதுகு முழுக்க வழிந்தபோது, சித்தப்பா ஏன் பாடினார் என்று புரிந்தது. நானும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வெளியேயிருந்து, "இன்னா, பேசுதா?" என்று அவர் கேட்டார். "இன்னும் பார்த்துகினு கீறேன்," என்றேன்.

மஞ்சள் புடவை கட்டி, ஈரத் தலையோடு, பால்குடத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது, அங்கே துண்டும் சோப்பும் வைத்துக்கொண்டு வரிசை நின்றிருந்தது. முதல் ஆளாகப் பெரியப்பா உள்ளே போய், "போடும்மா" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அசையவில்லை.

"பெரியப்பா கூப்புடறாரு, காதுல விழலியா?" என்றார் அத்தை.

"விழுந்திச்சு அத்தை. ஆனா நான் தலைக்கு ஊத்திக்கினேன். சுவிட்சைத் தொடக் கூடாதில்ல?"

வரிசையில் நின்றவர்கள் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா மட்டும் உள்ளேயிருந்து, "குளுருதும்மா" என்றார். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். என் பக்கத்தில் ரெட்டைப் பின்னலோடு நின்ற என் மகளைப் பார்த்தார். திட்டு விழப் போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அரிசி ஊற வெச்சியா?"

"ஆச்சு அத்தை. காயும் நறுக்கி வெச்சுட்டேன்."

"சரி, போ. வெயில் ஏறங்காட்டி போயிட்டு வா."

என் வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்தபடியே, "அப்போ நானு?" என்றார்.

"நீதானே தம்பி மாட்டினே? உனக்குத்தான் அது பழக்கம்," என்றார் கிருத்திகைக்கு வந்திருந்த நாத்தனார். நாங்கள் தெருவில் இறங்கும்போது பின்னால் டமால் என்று கேட்டது.

படியில் ஏறிய நேரம் முழுக்க எனக்குக் கால் வலித்ததாக நினைவில்லை. காவடிகளுக்கு நடுவில், அரோகராவுக்கு நடுவில், ஒரு கையால் குடத்தையும் இன்னொரு கையால் மகளையும் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவள் பொரி கேட்டாள், பலூன் கேட்டாள், இன்னும் எவ்வளவு படி என்று கேட்டாள். சந்நிதியில் "நகருங்க, நகருங்க" என்று தள்ளினார்கள். குடத்தை வாங்கினார்கள், பாலை ஊற்றினார்கள், வெறும் குடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் வெளியே நின்றோம்.

"அவ்ளோதானாம்மா?" என்றாள் மகள்.

"ஆங், அவ்ளோதான்," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பயம் விட்டுப்போன அழுகை. அவளுக்குப் பலூன் வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் குளித்துவிட்டு மலைக்குப் போயிருந்தார்கள், அத்தை உட்பட. கொல்லையில் ஒரு துண்டு வெயில் விழுந்த இடத்தில் என் வீட்டுக்காரர் குந்தியிருந்தார். தலை ஈரம். மேலே ஜமுக்காளம் போர்த்தியிருந்தார். பல் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாங்க ஆச்சு?"

"எல்லாரும் குளிச்சிட்டாங்க. கடைசியில எனக்குச் சுவிட்சு போட ஆளில்ல. குளிச்சவங்க யாரும் தொட மாட்டேன்னுட்டாங்க. தொட்டித் தண்ணியையே ஊத்திக்கினேன். ஐஸு மாதிரி கீது."

"நான் வர்ற வரைக்கும் இருந்திருக்கலாமே."

"நீயும்தானே குளிச்சுட்டே."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குடத்தை அப்படியே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பாவைப் பார்த்து மகளும் சிரித்தாள். அவரும் நடுக்கத்தோடு சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இரு. பாய்லர் இருந்தப்ப நீதானே எப்பவும் கடைசியா குளிப்பே? உனக்கு வெந்நீர் மிஞ்சுமா?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. நானே என்னைக் கேட்டுக்கொண்டது கிடையாது.

"மிஞ்சாது," என்றேன்.

"தைக் கிருத்திகைக்குமா? இந்தப் பனியிலயா?"

"எல்லாக் கிருத்திகைக்கும்தாங்க."

அவர் ஜமுக்காளத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அப்புறம் எழுந்து, பல் அடித்துக்கொண்டே சமையல்கட்டுக்குப் போய், சோற்றுப் பானையைத் தானே தூக்கி அடுப்பில் வைத்தார்.